தொட்டில் சத்தத்தை ஏஐ ‘இரைச்சல்’ என்று துடைத்துவிட்டது. தாலாட்டுக்கு இசை சேர்க்க வழி சொல்லுங்கள்

கானாடுகாத்தான்_கீபோர்டு:

வணக்கம். காரைக்குடிப் பக்கம் மெல்லிசைக் குழுவில் இருபத்தைந்து வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், தைப்பூசத்துக்கு முன்னால் ஒன்றிரண்டு பாதயாத்திரைப் பாட்டு ஆல்பம். ராகமெல்லாம் கேள்வி ஞானம்தான். ஆனால் ஒரு மெட்டைக் கேட்டால் கீழே என்ன கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) போட வேண்டும் என்று கை தானே போய்விடும். கம்ப்யூட்டர் விஷயத்தில் கெட்டி இல்லை, அதனால் கேள்வி நீளமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தை மாதம் எங்கள் பெரிய வீட்டில் எல்லோரும் கூடுகிறோம். தாலாட்டில் அம்மான் அது கொண்டுவருவார், இது கொண்டுவருவார் என்று பாடுவார்களே, அந்த அம்மான் இப்போது நான். வெள்ளிக் கொலுசு வாங்கியாயிற்று. அது போக என் கையால் இசையமைத்த ஒன்றையும் கொடுக்க ஆசை.

கையில் ஒரு கேசட் இருக்கிறது. 1987-இல் பெரியப்பச்சி பினாங்கிலிருந்து வந்தபோது பெரிய பேட்டரி ஆறு போட்டு ஓடும் டேப்ரிக்கார்டர் ஒன்று கொண்டுவந்தார். வளவுப் பத்தியில் (உள்முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) மரத்தொட்டிலில் தங்கை கிடக்க, அப்பத்தா ஆட்டிக்கொண்டே பாடியதை அவர்தான் பதிந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். நடுவில் ஒரு இடத்தில் நான் இருமுவதுகூட அதில் இருக்கிறது. மொத்தம் பதினோரு நிமிஷம்.

கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சல் நீக்கும் ஏஐ மென்பொருளில் போட்டேன். அசந்துவிட்டேன். உஸ்ஸென்ற டேப் சத்தம், காக்கா, என் இருமல், கிணற்றடியில் யாரோ வாளி வைத்த சத்தம் எல்லாம் போய் அப்பத்தா குரல் மட்டும் பளிங்கு மாதிரி நின்றது. அடுத்து, குரலைக் கொடுத்தால் பின்னணி இசையைத் தானே போட்டுத் தரும் ஒரு செயலியில் அதை ஏற்றி, ‘தமிழ்த் தாலாட்டு, மெதுவாக’ என்று எழுதினேன். அங்கேதான் எல்லாம் கோணலாகிவிட்டது.

ஒன்று, அது நாலு நாலாகத் தாளம் போட்டுவிட்டது. அப்பத்தா பாடியது மூன்று மூன்றாக, திஸ்ர நடை மாதிரி. அதுவும் கறாராக இல்லை. ‘ஆராரோ’ என்று எடுத்து கடைசி ‘ரோ’வை விட்டுவிட்டு, எங்கேயோ போய்விட்டு வந்து சேர்வார். இயந்திரம் அந்த ‘ரோ’வை வெட்டிக் கட்டத்துக்குள் அடைத்துவிட்டது. இரண்டு, அவர் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போகும் இடமெல்லாம் படிக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. மூன்று, மேலே புல்லாங்குழலும் சந்தூரும் போட்டு ஏதோ நட்சத்திர ஓட்டல் லிஃப்டுக்குள் நிற்கிற மாதிரி ஆக்கிவிட்டது.

சரி, செயலி வேண்டாம், நானே வாசிக்கிறேன் என்று சுத்தமான குரலைப் போட்டுக்கொண்டு கீபோர்டில் உட்கார்ந்தேன். என்னாலும் முடியவில்லை! எங்கே எடுப்பது, எங்கே விடுவது என்று பிடி கிடைக்கவில்லை. மறுபடி பழைய பதிவைக் கேட்டபோதுதான் உறைத்தது. தொட்டில் போகும்போது உத்திரத்துக் கொக்கியில் ‘கிரீ…ச்’ என்று நீளமாக ஒரு சத்தம், திரும்பும்போது ‘கிர்க்’ என்று குட்டையாக ஒன்று. அப்பத்தா ஒவ்வொரு அடியையும் அந்த நீளச் சத்தத்தில்தான் எடுக்கிறார். தாளம் அந்தக் கொக்கியில் இருந்திருக்கிறது. அதைத்தான் இரைச்சல் என்று துடைத்திருக்கிறது.

என் கேள்வி: கொக்கிச் சத்தத்தையும் குரலையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுக்க வழி உண்டா? அப்புறம், இப்படிப்பட்ட பாட்டில் ஏஐ-யிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது?

பின்குறிப்பு: சுருதி 6½ கட்டையில் இருக்கிறது (கட்டை எண் ஏற ஏறச் சுருதி உயரம்). குரல் மெலிசாக, சின்னப் பெண் பாடுகிற மாதிரி கேட்கிறது. அப்பத்தா குரல் கனமானது என்றுதான் எனக்கு நினைவு. ஒன்பது வயசு நினைவு, அதை நம்ப முடியாது.

இன்னொன்று: தங்கை வீட்டு மாப்பிள்ளை சென்னையில் ஐடியில் இருக்கிறார். அப்பத்தா குரலை ஏஐ-யில் பழக்கி, பாப்பாவின் பெயரைச் சொல்லி அவரே பாடுகிற மாதிரி செய்துவிடலாம், பத்து நிமிஷ வேலை என்கிறார். அதைப் பற்றியும் சொல்லுங்கள். எனக்கு ஒரு பக்கம் ஆசையாகவும் ஒரு பக்கம் என்னவோ போலவும் இருக்கிறது.

புளியோதரை_பிரியன்:

அன்றைக்கே கொக்கிக்கு ரெண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

தேவகோட்டை_மிக்சர்:

அண்ணே, முதல் படியிலேயே வழி மாறிவிட்டது. நீங்கள் போட்டது பேச்சுக்கான இரைச்சல் நீக்கி. அதற்கு உலகத்தில் இருப்பது இரண்டே சாதி: பேச்சு, பேச்சு இல்லாதது. அதைத் தொடாதீர்கள். கேசட்டிலிருந்து ஏற்றிய மூலப் பதிவை அப்படியே எடுத்து ‘டெமக்ஸ்’ மாதிரி தடம் பிரிக்கும் மென்பொருளில் போடுங்கள். இலவசம்தான். அது பாட்டை நாலு பெட்டியாகப் பிரிக்கும்: குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை.

நாலே பெட்டி ஏன் என்றால், இந்த வகை மென்பொருட்களைப் பழக்குவதற்குப் பரவலாகப் பயன்படும் தொகுப்பில் 150 பாட்டுதான் இருக்கிறது, எல்லாம் இந்த நாலு தடமாகப் பிரித்து வைத்தது, பெரும்பாலும் மேல்நாட்டு பாப், ராக். நாதஸ்வரத்தைக் கொடுத்தால் குரல் பெட்டிக்கும் மற்றவைக்கும் நடுவில் திண்டாடும், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் கதையில் அந்தக் குறையே உதவும். தொட்டில் என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. திடீரென்று எழுந்து அடங்கும் சத்தத்தைப் பெரும்பாலும் டிரம்ஸ் பெட்டியில் தள்ளிவிடும். டிரம்ஸ் தடத்தைத் தனியாகத் திறந்து கேளுங்கள். கொக்கி அங்கே உட்கார்ந்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஜான் லெனான் வீட்டில் கேசட்டில் பியானோ வாசித்துக்கொண்டே பாடிவைத்ததை, குரலை மட்டும் பிரித்தெடுத்து 2023-இல் பீட்டில்ஸ் பாட்டாக வெளியிட்டார்களே, அதுவும் இதே ஜாதி வேலைதான். என்ன, அவர்களுக்குப் பியானோ வேண்டாம். உங்களுக்குக் கொக்கி வேண்டும்.

கானாடுகாத்தான்_கீபோர்டு:

தம்பி, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். டிரம்ஸ் தடத்தைத் திறந்தேன். பதினோரு நிமிஷமும் கிரீ…ச், கிர்க், கிரீ…ச், கிர்க். நடுவில் ஒரே ஒரு ‘டங்’, அது கிணற்றடி வாளி. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹெட்போனை மாட்டிக்கொண்டு வெறும் கொக்கிச் சத்தத்தை முழுசாகக் கேட்டேன். வீட்டில் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள்.

பள்ளத்தூர்_வீணை:

ஐயா, நான் வீணை சொல்லிக்கொடுப்பவள். உங்கள் ‘படிக்கட்டு’ பற்றி மட்டும் சொல்கிறேன்.

கீபோர்டில் ஸ்தாயிக்குக் கறுப்பும் வெள்ளையுமாகப் பன்னிரண்டு கட்டை. செயலி குரலைத் ‘திருத்தும்’போது பக்கத்துக் கட்டையில் கொண்டுபோய் உட்கார வைக்கிறது. நம் பாட்டில் பாதி விஷயம் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில்தான் இருக்கிறது. வீணையில் மெட்டின் மேல் விரலை வைத்துத் தந்தியை இழுக்கிறோமே, அந்த இழுப்பை எடுத்துவிட்டால், தாலாட்டுக்குப் பேர்போன நீலாம்பரி ராகம் நீலாம்பரியாக இருக்காது. உங்கள் அப்பத்தா ராகம் பார்த்துப் பாடியிருக்க மாட்டார். ஆனாலும் நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அந்தச் சாயல் இருக்கும் போலிருக்கிறது. குரலை எங்கும் திருத்தாதீர்கள். ‘பிட்ச் கரெக்‌ஷன்’ என்று எங்கே கண்டாலும் அணைத்துவிடுங்கள். நீங்கள் வாசிப்பதிலும் கார்டுகளைக் குறையுங்கள். சுருதியும் (ஸ) பஞ்சமமும் (ப) போதும். கார்டு மாறும் ஒவ்வொரு இடத்திலும் அவரை ஒரு பக்கமாகச் சாய்க்கிறீர்கள்.

குரல் நகலைப் பற்றி: வேண்டாம். தாலாட்டு யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பது அல்ல. என் ஆயா (பாட்டி) பாடும்போது முதல் நாள் யார் வீட்டுக்கு வந்தார்கள், என்ன கொண்டுவந்தார்கள் என்பதெல்லாம் மறுநாள் தாலாட்டில் வந்துவிடும். வந்தவர் வெறுங்கையோடு வந்திருந்தால் அதுவும் வரும்! கண்ணால் பார்க்காத பிள்ளையை உங்கள் அப்பத்தா வாயால் பாட வைத்தால், சொல் யாருடையது? மாப்பிள்ளை டைப் செய்தது.

ரஸ்தா_பழசு:

ஆச்சி சொல்வதை மதிக்கிறேன். ஆனால் குரலை மாற்றி ஒட்டுவது நம் ஊருக்குப் புதுசா? காரைக்குடி ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1938-இல் ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிக் குரலைக் கொண்டுவந்தவர். 1945-இல் ‘ஸ்ரீவள்ளி’யில் கதாநாயகி ருக்மணி பாடியது திருப்தி இல்லையென்று, பி.ஏ. பெரியநாயகியைப் பாட வைத்து அந்தக் குரலைப் படத்தில் சேர்த்தார். வாய் ஒருவருடையது, குரல் ஒருவருடையது. ஜனங்கள் தலைமேல் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அப்புறம் இங்கேயே தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ‘நாம் இருவர்’ எடுத்தார். எங்கள் ஐயா அந்தக் கொட்டகையை வெளியில் நின்று வேடிக்கை பார்த்தவர். இந்தக் கதையை அவர் சொல்லாத நாள் இல்லை.

2024-இல் ஏ.ஆர். ரஹ்மான் ‘லால் சலாம்’ படத்தில் மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏஐ மூலம் பாட வைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய தொகையும் கொடுத்ததாக அவரே சொன்னார். ஆகவே தம்பி, செய்யலாமா கூடாதா என்பதைவிட யாரிடம் கேட்டாய் என்பதுதான் முக்கியம். உங்கள் அப்பத்தாவுக்கு எத்தனை பிள்ளைகள்? அத்தனை பேரையும் கேட்டீர்களா? பங்காளி வீடு என்றால் ஒரு ஓடு மாற்றுவதற்கே பத்துப் பேர் கையெழுத்து வேண்டும்.

பள்ளத்தூர்_வீணை:

பெரியநாயகி உயிரோடு, சம்மதித்து, கூலி வாங்கிக்கொண்டு பாடினார். அதையும் இதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ரஸ்தா_பழசு:

வைக்கவில்லை ஆச்சி. ஞாபகம் வந்தது, சொன்னேன்.

ஊசல்_மாணவன்:

அண்ணே, நான் காரைக்குடியில் பொறியியல் படிக்கிறேன். இசை தெரியாது, ஆனால் உங்கள் பின்குறிப்பு என்னைத் தூங்கவிடவில்லை. பேட்டரியில் பதிந்தது என்கிறீர்கள், குரல் மெலிசாக இருக்கிறது என்கிறீர்கள். பேட்டரி இறங்கியிருந்தால் பதியும்போது டேப் மெதுவாக ஓடியிருக்கும். அதைச் சரியான வேகத்தில் ஓடும் டெக்கில் போட்டால் எல்லாம் வேகமாகவும் சுருதி ஏறியும் கேட்கும். உங்கள் நினைவு தப்பாக இல்லாமலும் இருக்கலாம்.

எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தக் கொக்கியை வைத்துத்தான். தொட்டில் ஒரு ஊசல். ஒருமுறை போய்த் திரும்பும் நேரம் தொங்கும் நீளத்தைப் பொறுத்தது. பிள்ளை மூன்று கிலோவா பத்துக் கிலோவா என்பது அதற்குக் கணக்கில்லை. ஆட்டம் ரொம்பப் பெரிதாக இல்லாதவரை, அடங்கி வரும்போதும் நேரம் மாறாது, சத்தம்தான் குறையும். ஆகவே: (1) பதிவில் ஒரு கிரீச்சிலிருந்து அடுத்த கிரீச்சுக்கு எத்தனை விநாடி என்று பாருங்கள். அப்பத்தா கையை எடுத்துவிட்டு, சத்தம் தானாகத் தேய்கிற இடங்களை மட்டும் எடுங்கள். கையால் தள்ளும்போது கணக்கு மாறும். (2) கொக்கியிலிருந்து தொட்டிலில் பிள்ளை கிடக்கும் மட்டம் வரை அளந்து சொல்லுங்கள்.

ஏஐ-க்கு எதைக் கொடுக்கலாம் என்று கேட்டதற்கு: இலினாய் பல்கலைக்கழகத்தில் ஹில்லரும் ஐசக்சனும் 1957-இல் கணினியை வைத்து நாலு தந்தி வாத்தியங்களுக்கு ‘இலியாக் சூட்’ என்று ஒன்று செய்தார்கள். கணினி எண்களை உருட்டிப் போட்டு ஸ்வரங்களைக் கொட்டியது. எந்த விதியை வைத்துச் சலிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தது அவர்கள். இன்றைக்கு விதியைக்கூட அது தானே கற்றுக்கொள்கிறது. ஆனால் மேல்நாட்டுப் பாட்டில் கற்ற விதி நம் பாட்டுக்கு ஒத்துவராது. அதற்காகவே பார்சிலோனா பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தில் 2011 முதல் ‘காம்ப்மியூசிக்’ என்று கர்நாடக இசை, துருக்கி மகாம், பெய்ஜிங் ஓபரா எல்லாவற்றுக்கும் தனித்தனியாக ஆராய்ச்சி நடத்தினார்கள், சென்னை ஐஐடியும் அதில் உண்டு. அங்கேயும் கச்சேரி இசைதான். எனக்குத் தெரிந்து தொட்டில் பாட்டுக்கு யாரும் இன்னும் வரவில்லை.

கானாடுகாத்தான்_கீபோர்டு:

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பதிவை அளந்தேன். கை எடுத்த இடம் நாலு கிடைத்தது. நாலிலும் கிரீச்சுக்குக் கிரீச் 2.75 விநாடி.

ஞாயிற்றுக்கிழமை பெரிய வீட்டுக்குப் போனேன். தொட்டில் ரெண்டாங்கட்டு அறையில் தாம்பாளங்களுக்குப் பின்னால் கிடந்தது. நாலு சங்கிலியும் சரியாக இருந்தன. வளவுப் பத்தியின் தேக்கு உத்திரத்தில் கொக்கியும் அப்படியே இருக்கிறது. அளந்தால் ஏழே முக்கால் அடி. மாணவத் தம்பிக்குப் போன் போட்டேன். ‘3.08 விநாடி வர வேண்டும் அண்ணே’ என்றார். எனக்குக் கணக்கில் நம்பிக்கை பத்தாது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிட்டு ஏணி போட்டுத் தொட்டிலை மாட்டி, தங்கை அப்போது இருந்த எடைக்கு ஏழு கிலோ அரிசிப் பையைக் கிடத்தி ஆட்டிவிட்டேன். பத்து ஆட்டத்துக்கு 30.9 விநாடி. மூன்று தடவை பார்த்தேன். கொக்கி துருப்பிடித்து இப்போது வேறு சத்தம் போடுகிறது. அது போகட்டும்.

2.75-ஐ 3.09-ஆல் வகுத்தால் 0.89. குரல், கொக்கி இரண்டு தடத்தையும் 89 சதவீத வேகத்துக்குக் குறைத்தேன். (யாராவது செய்வதானால்: மென்பொருள் சுருதியை அப்படியே வைத்து வேகத்தை மட்டும் குறைக்கப் பார்க்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள், இரண்டும் சேர்ந்து இறங்க வேண்டும்.) 6½ கட்டை போய் 5½ கட்டை ஆயிற்று. சரியாக ஒரு கட்டை.

ஸ்பீக்கரில் போட்டேன். அப்பச்சி (எங்கள் அப்பா) முகப்பில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே வந்து, ‘யாரு, ஆத்தாவா?’ என்றார். முந்தின வாரம் இதே கேசட்டைப் பழைய வேகத்தில் போட்டுக் காட்டியபோது, ‘நல்லாத்தான் இருக்கு’ என்றுதான் சொன்னவர்.

அப்புறம் இசை. கொக்கியைத் தாளமாக அப்படியே விட்டுவிட்டேன். மிருதங்கம் கிடையாது, மெட்ரோனோம் கிடையாது. கீபோர்டில் ஸட்ஜமும் பஞ்சமமும், வீணை ஆச்சி சொன்னபடி. ஆச்சிக்குத் தெரியாமல் கடைசியில் மட்டும் ஒரே ஒரு கார்டு வைத்திருக்கிறேன், மன்னிக்கவும். ஏஐ-யிடம் முழுப் பாட்டைக் கொடுக்கவில்லை. அப்பத்தா மூச்சு வாங்கும் இடைவெளிகளுக்கு மட்டும், மரம் முனகுவது மாதிரி அடங்கிய சின்னச் சின்னத் துண்டுகள் கேட்டேன். முப்பது கொடுத்தது. இருபத்தெட்டு குப்பை, அதிலும் ஒன்றில் எங்கிருந்தோ சந்தூர் மறுபடி வந்துவிட்டது. ஒன்று பரவாயில்லை. இன்னொன்றை முதலில் தப்பு என்று தள்ளிவைத்தேன். நான் எந்த இடைவெளியையும் ஸட்ஜத்தில் கொண்டுவந்து முடித்துத்தான் பழக்கம், மேடையில் அப்படி முடித்தால்தான் கைதட்டு. அது கீழ்ப் பஞ்சமத்திலேயே போய் நின்றுவிட்டது. ரெண்டு நாள் கழித்துத் தற்செயலாகக் குரலோடு சேர்த்துக் கேட்டால், அடுத்த ‘ஆராரோ’ அந்தப் பஞ்சமத்திலிருந்துதான் ஏறுகிறது. பதினோரு நிமிஷமும் அப்பத்தா அப்படித்தான் எடுத்திருக்கிறார். இருபத்தைந்து வருஷம் வாசித்த எனக்குக் காதில் விழவில்லை. அதற்குத் தெரிந்துதான் நின்றதா, சும்மா உருட்டியதில் விழுந்ததா, தெரியாது. வைத்துக்கொண்டேன்.

நகல் குரல் விஷயம்: ரஸ்தா ஐயா சொன்னபடி ஒவ்வொருவராகக் கேட்கலாம் என்று தங்கையிலிருந்து ஆரம்பித்தேன். அவளோடு முடிந்துவிட்டது. ‘அப்பத்தா என் பேரைச் சொல்லித்தான் பாடியிருக்கு. அதுல போய் வேற பேரை வைக்காதே அண்ணே. பாப்பாவுக்கு நான் பாடிக்கிறேன்’ என்றாள். மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் வருத்தம்.

பாட்டு நாலரை நிமிஷம் வந்திருக்கிறது. என் இருமலைத் திரும்ப வைத்துவிட்டேன், அது குரல் தடத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. தை கழிந்ததும் வீட்டாரைக் கேட்டுக்கொண்டு இங்கே போடுகிறேன். ‘இசை’ என்று யார் பெயரைப் போடுவது என்று மாணவத் தம்பியிடம் கேட்டேன். கணினி உருவாக்கிய இசைக்கு, அது உருவாகக் காரணமானவரே ஆசிரியர் என்று நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்திலேயே ஒரு வரி இருக்கிறதாம். சரி என்று என் பெயரையே போட்டுவிட்டேன். தாளத்துக்கு எதிரே ‘தொட்டில்’.

கடைசியாக ஒரு உதவி. கேசட்டின் மறுபக்கத்திலும் ஏதோ இருக்கிறது. போட்டால் முனகலாகத்தான் கேட்கிறது, உள்ளே டேப்பை அழுத்தும் பஞ்சு விழுந்துவிட்டது போலிருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கேசட்டைப் பிரித்துப் பஞ்சு ஒட்டித் தரும் ஆள் இன்னும் யாராவது இருக்கிறார்களா?